காணாமல் போனவனின் மனைவி

கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த பதிவலுவலகப் பெண், பாஸ்போர்ட்டைப் புரட்டிக்கொண்டே வந்து கடைசிப் பக்கத்தில் விரலை ஊன்றினாள். கணவர் பெயர் என்ற இடத்தில் ஒரு பெயர் இருந்தது. புதுச் சட்டை போட்டுக்கொண்டு பக்கத்தில் நின்றவரின் பெயர் இல்லை அது. வேலை விசாவில் வந்த வெளிநாட்டுக்காரர்கள் இங்கே கல்யாணம் செய்துகொள்ளத் தடையில்லை என்றாள் அந்தப் பெண். ஆனால் இருவரும் இப்போது மணமாகாதவர்கள்தான் என்று அவரவர் நாட்டில் எழுதி வாங்கி, அதில் தூதரக முத்திரையும் இருக்க வேண்டும். இவருடையது இருக்கிறது, உங்களுடையது எங்கே என்று கேட்டுவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டாள்.

"கெடைக்கும். கெடைக்காம எங்க போகும்" என்றார் புதுச் சட்டையிலிருந்த லிஃப்ட்காரர், படியிறங்கும்போது. உலகத்தில் எல்லாமே ஒரு ஸ்பேனரால் சரியாகிவிடும் என்பதுபோலத்தான் அவர் எப்போதும் பேசுவார்.

அவள் ஆஸ்பத்திரி லாண்டரியில் வேலை பார்ப்பவள். அவர் அதே ஆஸ்பத்திரியின் லிஃப்ட்டுகளைப் பராமரிக்கும் கம்பெனியின் மெக்கானிக். ஈரத்துணி வண்டியோடு அவள் ஒருநாள் இரண்டு மாடிக்கு நடுவே மாட்டிக்கொண்டாள். கதவுக்கு வெளியிலிருந்து ஒரு ஆண்குரல், பயப்படாதீங்க என்றெல்லாம் சொல்லாமல், காலையில் என்ன சாப்பிட்டீங்க என்று தமிழில் கேட்டது. நான் தமிழ் என்று எப்படித் தெரிந்தது என்று பிற்பாடு கேட்டதற்கு, உள்ளேயிருந்து நீங்கள் லிஃப்ட்டைத் திட்டிய திட்டில் தெரிந்தது என்றார். நாற்பதைத் தாண்டியும் கல்யாணமாகாதவர். தங்கைகளைக் கரையேற்றிவிட்டுத் திரும்பிப் பார்த்தால் படகைக் காணோம் என்பார். இப்போது கம்பெனி அவரை வேறொரு நாட்டுக்கு மாற்றிவிட்டது. மனைவி என்றால் கூட்டிப்போகலாம். மனைவி அல்லாதவளின் விசா இந்த லாண்டரியோடு முடிச்சுப் போட்டது. அவிழ்த்தால் ஊருக்குத்தான் போக வேண்டும்.

அவள் கணவன், பைக்குக்கு டயர் மாற்றிவிட்டு வருகிறேன் என்று ஒரு காலையில் கிளம்பிப் போனவன். பைக் கிடைத்தது, புது டயரோடு. அவன் கிடைக்கவில்லை. சண்டை இல்லை, இன்னொருத்தி இல்லை, சொல்லிக்கொள்ள ஒரு காரணமும் இல்லை. போலீஸ் ஸ்டேஷன், பிணவறை, மடம், குறிசொல்பவன் வீடு என்று அவளும் மாமியாரும் ஏறி இறங்காத படி இல்லை. அப்படி அலைந்ததில் மாமியாரும் மருமகளும் என்ற உறவே மறந்துபோயிற்று. அவள் வெளிநாட்டு வேலைக்குத் தயங்கியபோது பிடித்துத் தள்ளிவிட்டதும் அந்த அம்மாள்தான். வாசலைப் பார்த்துக்கொண்டிருக்க ஒருத்தி போதும் என்றார்.

ஊரிலிருந்த வக்கீல் போனில் இரண்டு வழி சொன்னார். விவாகரத்து என்றால் அவள் வேலையை விட்டுவிட்டு வந்து நிற்க வேண்டும், வருஷக்கணக்கில் இழுக்கும். மற்றது சுலபம். ஏழு வருஷத்துக்கு மேலாக அவனிடமிருந்து ஒரு தகவலும் இல்லை என்று நெருங்கிய சொந்தம் கோர்ட்டில் சத்தியம் செய்தால், இறந்ததாகக் கருதித் தீர்ப்பு வாங்கிவிடலாம். அவள் சார்பில் தம்பி நின்றால் போதும். ஆனால் அவனைப் பெற்றவள் சொல்ல வேண்டும்.

அதை எந்த வாயால் கேட்பது? லாண்டரிக்குள் செல்போனுக்கு அனுமதியில்லை. இடைவேளையில் நடைவழியிலிருந்த பொதுப் போனில் மாமியாரின் எண்ணை அழுத்துவாள். மாமியார் "யாரு?" என்பார். அவளுக்கு அழுகைதான் வரும். கொஞ்சநேரம் நின்றுவிட்டு வைத்துவிடுவாள். மறுநாளும் அதே கதைதான். கடைசியில் தம்பிதான் நேரில் போய்க் கேட்டான். மாமியார் அழவில்லையாம். கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்துவிட்டு, "அவ வாழ வேண்டியவ. வரேன்" என்றாராம். அன்றைக்கு லிஃப்ட்காரர் இரண்டு பேருக்கான பெரிய சூட்கேஸ் ஒன்று வாங்கிவந்தார்.

கோர்ட்டுக்குப் போன அன்று வக்கீல் அழைத்தார். எல்லாம் ஒழுங்காகத்தான் போயிருக்கிறது. மகனிடமிருந்து தகவல் ஏதும் உண்டா என்று நீதிபதி கேட்டதும், பொய் சொல்லிப் பழகாத அந்த அம்மாள், போன் வருகிறது என்று சொல்லிவிட்டார். வெளிநாட்டு நம்பர், பேசமாட்டான், நின்றுவிட்டு வைத்துவிடுவான் என்றும் சொல்லியிருக்கிறார். அதையும் பதிந்துகொண்டார்கள். "உயிரோட இருக்கான்னு அம்மாவே சொன்னப்புறம் நான் என்னம்மா பண்றது" என்றார் வக்கீல்.

ஷிஃப்ட் முடிந்ததும் ஆஸ்பத்திரிக்குப் பின்னால், குப்பைத் தொட்டிகளுக்குப் பக்கத்தில் நின்று தன் செல்போனில் மாமியாரை அழைத்தாள்.

"அத்தை, அந்தப் போனெல்லாம் நான் பண்ணது. இத உங்ககிட்ட எப்படிக் கேக்கறதுன்னு தெரியாம வச்சுட்டேன்."

மாமியார், காய்ச்சல்காரியிடம் பேசுவதுபோல மெதுவாகச் சொன்னார்.

"நீ எனக்காக மனச கொழப்பிக்காத. பெத்தவளுக்குத் தெரியாதா? மூச்சு இழுக்கறப்ப லேசா விசில் அடிக்கும். சின்னப் புள்ளைலேருந்து அவனுக்கு அப்படித்தான்."

"நான் அழுதுக்கிட்டிருந்தேன் அத்தை. அதான் அப்படிக் கேட்டிருக்கும்."

"உசுரோட இருக்கான்மா. இத மொதல்ல உன்கிட்டதான் சொல்லணும்னு நெனச்சேன். ரெண்டு பேரும் சேந்துதானே தேடினோம்."

அந்தக் குரலில் அத்தனை வருஷமாக இல்லாத ஒரு தெம்பு இருந்தது. மறுபடி கோர்ட்டுக்கு வந்து மாற்றிச் சொல்லுங்கள் என்று கேட்க வாயெடுத்தாள். வேளாவேளைக்குச் சாப்பிடுங்க என்றுதான் வந்தது.

லிஃப்ட்காரரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். கெடைக்கும் என்று அவர் இந்தத் தடவை சொல்லவில்லை. மாறுதலை மறுத்தால் வேலை போய்விடும், வேலை போனால் அவரும் இங்கே இருக்க முடியாது. கிளம்புவதற்கு முந்தைய நாள் ஆஸ்பத்திரி கேட்டுக்கு வந்தார்.

"நான் காத்திருக்கட்டுமா?"

"எதுக்குங்க? அவர் சாகறதுக்கா?" என்றாள் அவள். சொன்ன பிறகுதான் அது எவ்வளவு கொடுமையான பேச்சு என்று உறைத்தது. அவர் தலையை ஆட்டிக்கொண்டு பஸ் நிறுத்தம் பக்கம் நடந்தார்.

மறுநாள் அவளுக்கு லீவு கிடைக்கவில்லை. புதிதாகச் சேர்ந்த வேற்றுமொழிப் பெண் ஒருத்தியை அவளோடு சேர்த்துவிட்டிருந்தார்கள். உலர்த்தியிலிருந்து வந்த வெள்ளை விரிப்பை இருவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து உதறினார்கள். மடிப்பதற்காக எதிரெதிரே நடந்துவந்து, விரலோடு விரல் பட முனைகளைச் சேர்த்தார்கள். அந்தப் பெண் முனைகளை வாங்கிக்கொண்டு சிரித்தாள். அவள் குனிந்து, தொங்கிய மடிப்பைப் பிடித்துக்கொண்டு பின்பக்கமாகவே நடந்தாள். துணி இன்னும் சூடாக இருந்தது.