கசியும் வால்வும் சர்வேயரின் மூச்சும்

ஓய்வுபெற்ற சர்வேயர் விடும் மூச்சு அவருடைய காரின் பூஸ்ட் வால்விலிருந்துதான் வருகிறது என்பது ஒரு புதன்கிழமை காலை பத்தேகாலுக்குத் தெரியவந்தது. கண்டுபிடித்தவர் மெக்கானிக். ஊரில் அவருக்குச் 'சந்தேகம்' என்று பெயர். எதையும் மூன்று முறை சோதிக்காமல் ஒரு ஸ்க்ரூவைக்கூட மாற்ற மாட்டார். மனைவி சம்மதம் சொன்ன பிறகும் இன்னும் இரண்டு முறை கேட்டுவிட்டுத்தான் கல்யாணம் செய்துகொண்டார்.

காரைக் கொண்டுவந்தது சர்வேயரின் மனைவி. இருபத்தைந்து வருஷத்துப் பழைய டர்போ கார், ஓட்டுவதும் அவர்தான். மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் மகளுக்கு அடுத்த மாதம் பிரசவம். காரோ ஆறு மாதமாக மேட்டைக் கண்டாலே முரண்டு பிடித்தது. "சமதரையில நல்லாத்தான் ஓடுது தம்பி. மேடு வந்தா உயிரே இல்ல," என்றார். இன்னொரு பட்டறையில் டர்போவையே மாற்றச் சொல்லியிருந்தார்கள். மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துகிற கதை என்று சந்தேகம் மனதுக்குள் திட்டிக்கொண்டார்.

சர்வேயர் பெஞ்சில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். சந்தேகம் ஒவ்வொரு குழாயிலும் சோப்புத் தண்ணீர் தடவிப் பார்த்தார். எதிலும் குமிழி இல்லை. பிறகு டர்போவின் காற்றழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் அந்தச் சின்ன வால்வில் கைப்பம்பை மாட்டி அழுத்தினார். நிற்க வேண்டிய முள் மளமளவென்று இறங்கியது. வால்வின் ஓரத்தில் நகக்கீறல் அளவுக்கு ஒரு விரிசல். பம்பைக் கழற்றிய பிறகும் அதிலிருந்து காற்று வந்துகொண்டே இருந்தது, எஞ்சின் ஓடாமலேயே, விட்டு விட்டு. நிமிஷத்துக்குப் பதினாறு முறை.

விரிசலைக் கட்டைவிரலால் அடைத்தார். பெஞ்சில் இருந்த சர்வேயரின் கையிலிருந்து பேப்பர் கீழே விழுந்தது. விரலை எடுத்தார், சர்வேயர் குனிந்து பேப்பரை எடுத்துக்கொண்டார். மறுபடி அடைத்தார், மறுபடி விழுந்தது. அதோடு விட்டிருக்கலாம். பழக்க தோஷம், மூன்றாவது முறையும் அடைத்தார். இந்த முறை சர்வேயரின் உதடு நீலம் பாரித்துவிட்டது.

"அவர் உயிருள்ள மனுஷன் தம்பி, ஸ்பேர் பார்ட் இல்ல!" என்று மனைவி பதறி ஓடிவந்தார். சந்தேகத்துக்கு வெட்கத்தில் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். பதினோரு வருஷ மூச்சிளைப்பு சர்வேயரை விட்டுப்போனது கார் மக்கர் செய்யத் தொடங்கிய அதே வாரம்தான். மனுஷன் மாடிப்படி ஏறியதே அதற்குப் பிறகுதான்.

சர்வேயர் பேப்பரை மடித்து வைத்தார். "மாத்திடுங்க. நான் பழையபடி வீட்ல கிடக்கறேன். இவ போய்ப் பிள்ளையைப் பாக்கட்டும்."

"உங்கள விட்டுட்டு நான் அங்க போய் என்னத்தப் பாக்கறது?" என்று கேட்ட மனைவி, அழுதுகொண்டே பானெட்டைச் சாத்தினார். சந்தேகம் வேலைச் சீட்டில் 'கசிவு உள்ளது. தொடக் கூடாது' என்று எழுதிக் கொடுத்தார். மாற்றுவதற்கென்று கடையிலிருந்து வரவழைத்திருந்த புது வால்வைத் திருப்பி அனுப்பினார்.

அடுத்த மாதம் கார் முதல் கியரிலேயே மலை ஏறியது. பின்னால் வந்தவர்கள் ஹாரன் அடித்து ஓய்ந்துபோனார்கள். நாலாவது வளைவில் கார் நின்றேவிட்டது. சர்வேயர் இறங்கி, சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, தள்ளத் தொடங்கினார். அன்று முதல் அதுவே வழக்கமாகிவிட்டது. வருஷத்துக்கொரு முறை சந்தேகம் காரை வாங்கி, விரிசல் சரியாகக் கசிகிறதா என்று பார்த்துக் கொடுக்கிறார், ஒரே ஒரு முறை.

பேத்திக்கு இப்போது ஏழு வயது. பள்ளிக்கூடத்தில் தாத்தாவை வரையச் சொன்னால் ஒரு காரை வரைந்து, அதற்குப் பின்னால் தள்ளிக்கொண்டு வரும் ஒருவரை வரைகிறாள். எல்லார் வீட்டுத் தாத்தாவும் அப்படித்தான் வருவார் என்று அவள் நினைத்துக்கொண்டிருக்கிறாள்.