கூடாரத்தில் ஷிஃப்ட் மாற்றம்

எட்டு மாதக் குழந்தையையும் மூன்று வயதுக் குழந்தையையும் கூட்டிக்கொண்டு ஏரிக்கரையில் கூடாரம் போட்டுத் தங்கலாம் என்று என் வீட்டுக்காரர் சொன்னபோது நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். என் கையில் தட்டு இருந்தது அவருக்கும் தெரியும். அதனால்தான் இரண்டடி தள்ளி நின்று சொன்னார்.

"உங்களுக்கு என்ன கிறுக்கா பிடிச்சிருக்கு? சின்னவனுக்கு இன்னும் நேரா உட்காரவே வரல. பெரியவ ராத்திரி மூணு தடவை தண்ணி கேக்கறா. சுவரு, கதவு, கட்டில் எல்லாம் இருக்கிற வீட்டுலயே நான் நாக்குத் தள்ளிக் கெடக்கறேன்."

"ரெண்டே ரெண்டு ராத்திரி," என்றார். "நீ ஒழுங்கா தூங்கி எத்தனை மாசமாச்சு?"

"அதுக்கு மண்தரையில படுக்கணுமா?"

"அங்க அந்த நாற்காலி இருக்காதுல்ல," என்றார்.

அந்த நாற்காலியைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாங்கள் இருவருமே நகரத்துக் குடிநீர் பம்ப் நிலையத்தில் ஆபரேட்டர்கள். அங்கே கன்ட்ரோல் அறையில் ஒரு பழக்கம் உண்டு. மீட்டர்களுக்கு முன்னால் இருக்கும் நாற்காலி ஒரு நிமிடம்கூடக் காலியாக இருக்கக் கூடாது. அடுத்த ஷிஃப்ட் ஆள் வந்து, பக்கத்தில் நின்று, எல்லா முள்ளையும் பார்ப்பார். உட்கார்ந்திருப்பவர் "குடுத்துட்டேன்" என்பார். வந்தவர் "எடுத்துக்கிட்டேன்" என்பார். இரண்டு வார்த்தையும் காதில் விழாமல் யாரும் எழுந்திருக்க மாட்டோம், ஒன்றுக்கு முட்டினாலும் சரி.

சின்னவன் பிறந்த பிறகு அந்தப் பழக்கம் எங்களோடு வீட்டுக்கும் வந்துவிட்டது. ஆறு வாரம் முன்னாலேயே அவசரப்பட்டுப் பிறந்தவன் அவன். வீட்டுக்கு வந்த ஐந்தாம் வாரம், ஒரு மத்தியானம், நான் பக்கத்தில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தபோது மூச்சு விடுவதை நிறுத்திவிட்டான். எதற்கோ திரும்பிப் பார்த்தேன், உதடு நீலமாக இருந்தது. உள்ளங்காலில் சுண்டினேன், மறுபடி சுண்டினேன். அழுதான். அந்த அழுகையை விட இனிமையான ஒன்றை நான் கேட்டதில்லை. பதினோரு நாள் ஆஸ்பத்திரி. அதன் பிறகு அவன் தொட்டில் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டேன்.

அவன் தூங்கும் நேரமெல்லாம் அதில் யாராவது இருக்க வேண்டும். மூக்குக்குக் கீழே உள்ளங்கையை நீட்டி, சூடு வருகிறதா என்று பார்க்க வேண்டும். நானும் அவரும் மாறி மாறி. குடுத்துட்டேன், எடுத்துக்கிட்டேன். இரண்டு மாதம் முன்னால் டாக்டர் சிரித்துக்கொண்டே, "இனிமே இவன் எல்லாக் குழந்தையும் மாதிரிதான், நீங்க நிம்மதியா தூங்குங்க" என்றார். அவருக்கென்ன, சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். என் வீட்டுக்காரர் நம்பினார். எனக்கு நம்ப முடியவில்லை. நான் எழுந்திருக்க மாட்டேன் என்பதற்காகத்தான் அவரும் இன்னும் தன் ஷிஃப்டைப் பார்த்துக்கொண்டிருந்தார், பாவம்.

கடைசியில் நான் சரி என்றது ஏன் என்று எனக்கே தெரியாது. அன்று வேலையில் உட்கார்ந்தபடியே ஒரு நொடி கண் சொருகிவிட்டது. அது பயமாக இருந்தது.

கிளம்பிய அழகைப் பார்க்க வேண்டுமே! காரில் டயப்பர் மூட்டை இரண்டு, குளிப்பாட்டும் தொட்டி, கொசுவலை, அடுப்பு, பெரியவளின் ஒற்றைக்கண் முயல், நான்கு போர்வை. இதையெல்லாம் ஏற்றிய பிறகுதான் மனுஷர்களும் ஏற வேண்டும் என்பதே எங்களுக்கு ஞாபகம் வந்தது. "அம்மா, தொட்டிய என் மடியில வை, நான் பாத்துக்கறேன்," என்றாள் பெரியவள். அவளை நாங்கள் சூப்பர்வைசர் என்றுதான் கூப்பிடுவோம். யார் என்ன செய்தாலும் பக்கத்தில் நின்று சரிபார்க்காவிட்டால் அவளுக்குத் தூக்கம் வராது.

ஏரி பெரிதாக ஒன்றும் இல்லை. ஆனால் போய் இறங்கிய நேரம் அதன் மேல் வெள்ளையாகப் பனி நின்றது. அக்கரையில் மரங்கள் இருக்கின்றனவா, இருப்பது போலத் தோன்றுகிறதா என்று சொல்ல முடியவில்லை. எங்கேயோ ஒரு படகுத் துடுப்பு தண்ணீரைத் தொட்டது, பிறகு வெகுநேரம் கழித்து இன்னொரு தரம் தொட்டது. நான் மணி என்ன என்று கேட்க வாயெடுத்தேன், கேட்காமலே மறந்துபோனேன்.

பெரிய பெரிய பம்பையெல்லாம் பிரித்துப் பூட்டுகிற மனிதர், நான்கு கம்பியோடும் ஒரு மஞ்சள் துணியோடும் முக்கால் மணி நேரம் மல்லுக்கட்டினார். "அப்பா, கோணையா இருக்கு," என்று சூப்பர்வைசர் இரண்டு தடவை பிரிக்க வைத்தாள். சின்னவனைப் போர்வையில் மல்லாக்கப் படுக்க வைத்திருந்தேன். மேலே இலைகள் அசைந்தன. அவன் அசையாமல் அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் அவன் மூக்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மத்தியானம் சாப்பிட்டுவிட்டு நாலு பேரும் கூடாரத்துக்குள் படுத்தோம். மஞ்சள் துணி வழியாக வெயில் இறங்கியது. எல்லோர் முகமும் பழுத்த பழம் மாதிரி மின்னியது. துணியில் இலை நிழல்கள் போவதும் வருவதுமாக இருந்தன. சின்னவன் கையை நீட்டி நீட்டி அவற்றைப் பிடிக்கப் பார்த்தான், பிடித்ததாகவே நினைத்துக்கொண்டு தூங்கிப்போனான். நான் அவன் பக்கத்தில் ஒருக்களித்து, உள்ளங்கையை நீட்டி வைத்திருந்தேன். வெதுவெதுப்பாக வந்தது, நின்றது, வந்தது. ஏரியும் கரையில் அப்படித்தான் வந்து வந்து போனது. எது எந்தச் சத்தம் என்று கொஞ்ச நேரத்தில் எனக்குப் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

ஜிப் சத்தம் கேட்டது. அவர் எப்போதோ வெளியே போய்விட்டு இப்போது உள்ளே வருகிறார் என்று நினைத்தேன். கண்ணைத் திறக்க முடியவில்லை.

"குடுத்துட்டேன்," என்றேன்.

"எடுத்துக்கிட்டேன்," என்று பதில் வந்தது.

அவ்வளவுதான். கல்லைக் கட்டிக் கிணற்றில் போட்டது மாதிரி தூங்கிவிட்டேன். கனவில் ஏரி முழுக்கப் பால் புட்டிகள் மிதந்தன, யாரும் அவற்றைப் பற்றிக் கவலைப்படவில்லை.

விழித்தபோது வெயில் கூடாரத்தின் அந்தப் பக்கத்துக்கு நகர்ந்திருந்தது. அவர் இல்லை. பெரியவள் சம்மணம் போட்டு, முதுகை நிமிர்த்தி, தம்பியின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். அவளுடைய குட்டிக் கை அவன் மூக்குக்குக் கீழே நீட்டியிருந்தது. இன்னொரு கை, நீட்டிய கை விழாமல் முழங்கையைத் தாங்கிக்கொண்டிருந்தது. அவள் உட்கார்ந்திருந்த போர்வை நனைந்திருந்தது.

"என்னடி செல்லம் இது? ஒண்ணுக்கு வந்தா அம்மாவ எழுப்ப வேண்டாமா?"

"எழுந்திரிக்கக் கூடாதுல்ல," என்றாள், என் பக்கம் திரும்பாமலே. "நீ குடுத்த. நான் எடுத்துக்கிட்டேன். அப்புறம் யாருமே வரல."

சட்டென்று எழுந்து உட்கார்ந்தேன்.

"தம்பி மூச்சு விடறான்மா. நான் விடாம பாத்தேன். கை வலிக்குது."

"எடுத்துக்கிட்டேன்," என்று அவசரமாகக் கையை நீட்டினேன்.

"நான் இன்னும் குடுக்கல!"

"சரிம்மா. சரி. குடு."

"குடுத்துட்டேன்," என்றாள். கையை இறக்கினாள். அதுவரை எங்கே அடக்கி வைத்திருந்தாளோ, ஓவென்று அழுதாள். அவளை அப்படியே நனைந்த துணியோடு மடியில் தூக்கிப் போட்டுக்கொண்டேன். இந்த ஆரவாரத்திலும் சின்னவன் உதட்டைச் சப்புக்கொட்டியபடி தூங்கிக்கொண்டிருந்தான், மகாராஜா.

உடை மாற்றிவிட்டு, இருவரையும் தூக்கிக்கொண்டு வெளியே வந்தால், ஐயா மரத்தடியில் தண்ணீர் கேனோடு உட்கார்ந்து ஏரியைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

"எங்க போய்த் தொலைஞ்சீங்க?"

"தண்ணி பிடிக்கப் போனேன். வந்து பாத்தா ஒரு சத்தமும் இல்ல. மூணு பேரும் தூங்கறீங்க, கெடுக்க வேண்டாம்னு இங்கேயே உட்கார்ந்துட்டேன். முக்கால் மணி நேரம்தான் ஆச்சு. ஏன்?"

சொன்னேன். பாதியிலேயே அவர் பெரியவளை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டார். அவள் அங்கேயே தேம்பித் தேம்பித் தூங்கிவிட்டாள்.

"என் தப்புதான். சொல்லிட்டுப் போயிருக்கணும்," என்றார்.

நன்றாகச் சண்டை போடலாம் என்றுதான் வந்தேன். ஆனால் தப்பு யாருடையது என்று எனக்குத் தெரிந்திருந்தது. மூன்று வயதுக் குழந்தை, விளையாட வேண்டிய மத்தியானத்தில், இடுப்பு நனைய உட்கார்ந்து காவல் காத்திருக்கிறது. அந்தப் பயத்தை அவளுக்கு ஊட்டி வளர்த்தது நான். வெட்கமாக இருந்தது. அவ்வளவு வெட்கம் வாழ்க்கையில் பட்டதில்லை.

அவர் மெதுவாகச் சொன்னார். "வீட்டுலயும் நாம மாத்திக்கறத கேட்ட பிறகுதான் அவ கண்ண மூடறா. ரெண்டு மூணு தடவை பாத்திருக்கேன்."

"அட, இத ஏங்க என்கிட்ட சொல்லல?"

"சொன்னா நீ அவளையும் உட்கார்ந்து பாத்துக்கிட்டிருப்ப."

பனி மறுபடி தண்ணீர் மேல் இறங்கத் தொடங்கியிருந்தது. அக்கரை மரங்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பொழுது சாய்ந்ததும் சாப்பாட்டை முடித்துப் படுத்தோம். வெளிச்சம் முழுதாகப் போகவில்லை, கூடாரத் துணி சாம்பலும் மஞ்சளுமாக இருந்தது. சின்னவன் நடுவில் காலை உதைத்துக்கொண்டு கொட்டாவி விட்டான். பெரியவள் என் பக்கத்தில். ஒற்றைக்கண் முயல் அவளுக்கும் பக்கத்தில்.

"இப்ப யாரு எடுத்துக்கிட்டா?" என்று கேட்டாள்.

அவர் "நான்" என்று சொல்ல வாயைத் திறந்தார். போர்வைக்கு அடியில் கையைத் துழாவி அவர் மணிக்கட்டைப் பிடித்து அழுத்தினேன். அவர் இன்றைக்கு எடுத்துக்கொள்வார், நாளைக்கு நான் எடுத்துக்கொள்வேன், இந்தக் குழந்தை தினமும் படுத்தபடியே கணக்கு வைத்திருக்கும்.

"தம்பியே எடுத்துக்கிட்டான்," என்றேன்.

யோசித்தாள். "தம்பிக்குத்தான் பேச வராதே."

"பேச வராது. மூச்சு விட நல்லா வரும்."

"நீ தூங்கினாக்கூடவா?"

"தூங்கினாக்கூட."

"நிஜமாவா?"

டாக்டர் சொல்லி நான் நம்பாத விஷயம் இது. ஆஸ்பத்திரியிலிருந்து கட்டுக்கட்டாகக் காகிதம் கொடுத்தும் நம்பாதது. இப்போது மூன்று வயதுக்காரி முழங்கையை ஊன்றி எழுந்து என் முகத்தையே பார்க்கிறாள். பொய் சொன்னால் இவள் கண்டுபிடித்துவிடுவாள். நான் அவளிடம் பொய் சொல்லவும் கூடாது, பயத்தைச் சொல்லவும் கூடாது. மீதி இருந்தது ஒரே வழிதான், நான் நிஜமாகவே நம்பித் தொலைக்க வேண்டும்.

"நிஜமா," என்றேன்.

அவள் என்னைத் தாண்டிக் குனிந்து, தம்பியின் காதில், "தம்பி, குடுத்துட்டேன்," என்றாள். அவன் அவள் மூக்கைப் பிடித்து இழுத்தான். "ஐயோ, விடுடா!" என்று சிரித்தாள். படுத்தாள். நான் நிம்மதியாகப் பெருமூச்சு விடும் நேரத்தில் ஒரு கண்ணைத் திறந்தாள்.

"நீயும் குடு."

"அப்புறம் குடுக்கறேன், நீ தூங்கு."

"இப்ப."

சின்னவனின் கண்கள் பாதி மூடியிருந்தன. நெற்றியில் முடி ஒட்டியிருந்தது. குனிந்தேன். அந்த முடியை ஒதுக்கிவிட்டேன். அந்த ஒரு வார்த்தையை எத்தனை நூறு தடவை அலட்சியமாகச் சொல்லியிருப்பேன்!

"குடுத்துட்டேண்டா, கண்ணா," என்றேன்.

பெரியவள் என் வலது கையை இழுத்துத் தன் கன்னத்துக்கு அடியில் வைத்து, அதன் மேல் தலையைப் பாரமாகப் போட்டுக்கொண்டாள். "கண்ண மூடு. பொய்த் தூக்கம் கூடாது, கண்ணு ஆடுது," என்று அதட்டினாள். அவள் சொன்னது சரிதான், ஆடியது. தண்ணீர் கரைக்கு வந்தது, போனது. கொஞ்ச நேரத்தில் அவள் மூச்சு நீளமாக வரத் தொடங்கியது. கையை உருவியிருக்கலாம். உருவவில்லை.

கண் விழித்தபோது எங்கும் மஞ்சள். பறவைகள் கத்திக்கொண்டிருந்தன. பெரியவள் வாயைப் பிளந்து தூங்கினாள், என் கை மரத்துப்போயிருந்தது. நடுவில் படுத்திருந்த சின்னவனைக் காணோம்.

பதறி எழுந்தேன். அப்பாவின் காலடியில் குப்புறக் கிடந்தான். எப்படியோ உருண்டு உருண்டு கூடாரத்தின் கடைசி வரைக்கும் போய், அவருடைய காலுறையை வாயில் வைத்து மென்றுகொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் எச்சில் ஒழுகச் சிரித்தான்.

அவரும் எழுந்து உட்கார்ந்தார். கண்ணைக் கசக்கிக்கொண்டு, பழக்கதோஷத்தில் கேட்டார்: "ராத்திரி எப்படி இருந்தான்?"

இடையில் ஒரு தடவை பால் கொடுத்தது தண்ணீருக்கு அடியில் நடந்தது மாதிரி ஞாபகம் இருந்தது. எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம், அதற்குப் பிறகு எத்தனை தடவை புரண்டான், எப்போது விழித்தான், தனியாக எவ்வளவு தூரம் பயணம் போனான், யோசித்து யோசித்துப் பார்த்தேன்.

"தெரியாதுங்க," என்றேன். "எனக்கு ஒண்ணுமே தெரியாது."

சொல்லிவிட்டு, பெரியவள் எழுந்துவிடாதபடி வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன், அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.