வேற்று ராசாவின் முகம்

கணவனின் பட்டுச் சட்டைப் பைக்குள் அந்த வெள்ளிக் காசை வைத்து, பையின் வாயை ஊசியால் தைத்துக்கொண்டிருந்தாள் கலாதேவி. ஜேர்மனியில் எசன் நகர மயானத்தின் சின்ன அறை. இன்னும் அரை மணியில் சனம் வந்துவிடும்.

"அம்மா, அதையும் எரிக்கப் போறியளோ? எழுநூறு வருசத்துக்கு மேலை பழசு." வேணுஜா குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

குழாய் புதைக்கக் கிடங்கு வெட்டுகையில் அவருக்குக் கிடைத்த காசு. முப்பது வருசம் பேர்ஸுக்குள் கிடந்தது. இங்கிலாந்து ராசாவின் காசு என்றே நம்பியிருந்தார். போன மாதம்தான் மகள் படம் பிடித்து, பழங்காசு வைத்திருக்கிற நூதனசாலைக்கு அனுப்பி விசாரித்தாள்; பதில் வந்தது நேற்றுத்தான்.

"இங்கிலாந்துக் காசில்லையாம். இங்கை பக்கத்திலை ஒரு சிற்றரசன் அடிச்சதாம். தன்ரை முகத்தைப் போட்டால் ஊர் தாண்டி ஒருத்தரும் வாங்கமாட்டினம் எண்டு, இங்கிலாந்து ராசாவின்ரை முகத்தைப் போட்டவனாம்."

"அப்ப கள்ளக்காசோ?"

"வெள்ளி நல்ல வெள்ளியாம், அம்மா."

ஊசி கொஞ்சம் நின்று பிறகு போயிற்று.

சவப்பெட்டித் தலைமாட்டில் குணசேகரம் என்று எழுதியிருந்தது. அது அவருடைய பேரில்லை, பாருங்கோ. எண்பத்தைந்தில் ஆரோ ஒருவரின் பாஸ்போர்ட்டில் கிழக்கு பெர்லினின் ஷோனெஃபெல்ட் விமானநிலையத்தில் வந்திறங்கினவர், திருப்பி ஏற்றிவிடுவாங்களோ என்ற பயத்தில் அகதி மனுவிலும் அதே பேரை எழுதிவிட்டார். பிறகு திருத்தத் துணிவு வரவில்லை. வேலை, வீடு, பிள்ளையின் பிறப்புப் பத்திரம், எல்லாம் குணசேகரம். ஆஸ்பத்திரியில் கடைசியாய்க் கேட்டது ஒன்றுதான்: "கிரியையிலையெண்டாலும் என்ரை பேரைச் சொல்லி அனுப்பு, கலா."

"சொல்லாதேங்கோ அம்மா. அவ்வளவு சனத்துக்கு முன்னாலை. என்ரை பாஸ்போர்ட்டும் அந்தப் பேரிலைதானே. ஆரும் அரசாங்கத்துக்கு எழுதிப் போட்டால்?"

கலாதேவி நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

மண்டபம் நிறைந்துவிட்டது. "குணம் அண்ணை, கடுதாசிச் சீட்டு விளையாட்டிலை கள்ளம் விட்டிட்டு இப்பிடி எழும்பி ஓடீட்டியளே!" என்று பக்கத்து வீட்டுச் சந்திரகாந்தி அக்கா பெட்டியைப் பிடித்து ஒப்பாரி வைத்தாள். அழுத சனத்துக்குள்ளும் ஒருவர் சிரித்தார்.

ஐயர் கலாதேவியின் பக்கம் திரும்பினார். "பேர், நட்சத்திரம் சொல்லுங்கோ."

வேணுஜா தாயின் மணிக்கட்டைப் பிடித்தாள். பிடி இறுகியது.

"நித்தியானந்தன். அனுச நட்சத்திரம்."

ஒப்பாரி பாதியில் நின்றது. ஐயர் கையிலிருந்த தாளைப் பார்த்தார். "இதிலை குணசேகரம் எண்டெல்லோ கிடக்கு?"

இரண்டாம் தரம் சொன்னது வேணுஜா.

"நித்தியானந்தன் எண்டே சொல்லுங்கோ, ஐயா."

பின்னேரம் வீட்டு வாசலில் வேணுஜா சாவியைத் தேடி எடுப்பதற்குள், கலாதேவி குணசேகரம் என்று எழுதியிருந்த அழைப்புமணியை அழுத்தினாள். ஆளில்லாத வீட்டுக்குள் மணி அடித்து ஓய்ந்தது. பிறகுதான் மகள் கதவில் சாவியைப் போட்டாள்.