கடைசிக் கட்டத்தில் யார் பெயர்

ஹெட் என்கிற ஒரே ஒரு ஆங்கிலச் சொல்லுக்கு நான் பதினொரு பிரெஞ்சுச் சொற்கள் வைத்திருந்தேன். ஆணியின் ஹெட் என்றால் தெத், அதாவது தலை. கார் எஞ்சினின் ஹெட் என்றால் குலாஸ். பம்பின் ஹெட் தலையே கிடையாது. தண்ணீரை அது எத்தனை மீட்டர் மேலே ஏற்றும் என்கிற உயரம் அது, பிரெஞ்சில் ஒத்தர். இப்படி மெஷின் மெஷினாகப் பார்த்து, முன்பின் தெரியாத எஞ்சினியர்களுக்கெல்லாம் மெயில் போட்டு நச்சரித்து, மூன்று வருஷத்தில் ஆயிரத்து நூறு வரிகளுக்கு ஒரு ஷீட் தயாரித்தேன்.

வைட்ஃபீல்டில் இருக்கும் எங்கள் மொழிபெயர்ப்பு ஆபீஸில் ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு வரியின் கடைசிக் கட்டத்திலும் அந்தச் சொல்லை முடிவு செய்தவரின் பெயர் இருக்கும். சந்தேகம் வந்தால் அவரைக் கேட்பார்கள். டீமை நடத்தும் லீடைத் தேர்ந்தெடுக்கும்போதும் அந்தக் கட்டத்தைத்தான் பார்ப்பார்கள்.

பிப்ரவரியில் லீட் எடுக்கும் வாரம், என் பக்கத்து சீட் லாயிட் கம்ப்யூட்டரில் ஒரே கட்டளையில் என் பெயர் இருந்த இடமெல்லாம் தன் பெயரை மாற்றிப் போட்டுக்கொண்டான். ஒரு நொடி வேலை. பழைய பிரதிகளையும் சுத்தமாக அழித்துவிட்டான். நான் மேனேஜர் வித்யாலட்சுமியிடம் போய் நின்றேன்.

"ஷீட்ல லாயிட் பேருதான்மா இருக்கு. அதுக்கு மேல நான் என்ன பண்றது?" என்றார்.

லாயிட் லீட் ஆனான். கேன்டீனில் என் தோளைத் தட்டி, "டீம் வொர்க்தானே ஜூடி, யார் பேர் இருந்தா என்ன?" என்றான். அன்றைக்கு என் கையில் சூடான காபி இருந்தது. அதை அவன் சட்டையில் ஊற்றாமல் குடித்து முடித்ததை இன்றும் பெரிய சாதனையாக நினைக்கிறேன்.

இதில் இன்னொரு கொடுமை, நாங்கள் இருவரும் பிரேசர் டவுனில் ஒரே கத்தோலிக்கக் கோயில். ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பூசையில் எனக்கு முன் பெஞ்சில்தான் உட்காருவான். பூசை நடுவில் பக்கத்தில் இருப்பவர்களுக்குச் சமாதானம் சொல்லும் நேரம் வந்ததும் திரும்பி, கை கூப்பி, பல்லெல்லாம் தெரியச் சிரிப்பான். நானும் கை கூப்புவேன். மனதுக்குள், இரு மகனே, உனக்கு இருக்கிறது என்பேன். நான்கு மாதம் ஒரு வாரம்கூட விடாமல் சொன்னேன்.

ஜூனில் ஒரு பம்ப் கம்பெனியின் கையேடு வந்தது. இருநூறு பக்கம். பிரான்சில் மார்செய் நகரத்தில் வாங்குபவர்களுக்காக அதைப் பிரெஞ்சுக்கு மாற்ற வேண்டும். அவசரத்தில் லாயிட் அறுபத்து மூன்று இடத்திலும் ஹெட் என்பதைத் தெத் என்று போட்டான். கையேடு வெள்ளிக்கிழமை போக வேண்டும். நான் புதன்கிழமையே பார்த்துவிட்டேன்.

முன்பெல்லாம் ஓடிப்போய்ச் சொல்லியிருப்பேன். இந்த முறை வாயைத் திறக்கவில்லை. இதனால் யார் கையும் மெஷினில் சிக்காது, படிப்பவன் சிரிப்பான், அவ்வளவுதான் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். சிக்கும் என்று தெரிந்திருந்தால் சொல்லியிருப்பேனா என்று யாராவது கேட்டால், சத்தியம் செய்ய மாட்டேன். அவ்வளவு வெறி இருந்தது.

பத்து நாளில் மார்செயிலிருந்து கடிதம் வந்தது. 'உங்கள் பம்பின் தலை நாற்பது மீட்டர் என்று எழுதியிருக்கிறீர்கள். அவ்வளவு பெரிய தலையை வைக்க எங்களிடம் இடமில்லை.' பம்ப் கம்பெனி வேலையைத் திரும்ப வாங்கிக்கொள்வதாக மிரட்டியது. வித்யாலட்சுமி எங்கள் இருவரையும் அறைக்குள் கூப்பிட்டார்.

லாயிட் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. "மேடம், ஹெட் வர்ற வார்த்தை எல்லாம் ஜூடித் முடிவு பண்ணதுதான். மூணு வருஷமா அந்த ஷீட்டைப் பண்ணதே அவதான்."

இந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் நான்கு மாதம் காத்திருந்தேன்.

"மேடம், ஷீட்டைத் திறந்து பாருங்களேன்" என்றேன். "பம்ப் வரி. நானூத்திப் பன்னண்டு."

அவர் திறந்தார். அதில் ஒத்தர் என்று சரியான சொல் இருந்தது. பக்கத்தில், பம்புக்குத் தெத் போடவே கூடாது என்ற குறிப்பும் இருந்தது. கடைசிக் கட்டத்தில் லாயிட் என்று இருந்தது.

"நீயே போடக் கூடாதுன்னு எழுதி வச்சிட்டு, நீயே போட்டிருக்கியா?" என்று கேட்டார் வித்யாலட்சுமி.

என் வரிகளை அவன் ஒருநாளும் படித்ததில்லை. பெயரை மட்டும்தான் மாற்றியிருந்தான். ஏசி ஓடுகிற அறையில் அவன் கழுத்து நனைவதை ஆசை தீரப் பார்த்தேன்.

"அது நான் எழுதினதில்ல மேடம்" என்றான் கடைசியில்.

"அப்போ உன் பேர் எப்படி வந்தது?"

மூன்று வருஷமாக ஷீட்டைப் பண்ணியது நான்தான் என்று அவன் வாயாலேயே சொல்லியாகிவிட்டது. அன்று மாலையே நான் லீட் ஆனேன். கையேட்டைத் திருத்துவது என் பொறுப்பு. பெயர்களைத் திருத்துவது லாயிட் பொறுப்பு. என் பெயரை எடுக்க அவனுக்கு ஒரு நொடி போதுமாக இருந்தது. திரும்பப் போடுவதற்கு அது போதாது. அவன் உண்மையாகவே கண்டுபிடித்த சில சொற்களும் நடுநடுவே கலந்திருந்தன. ஒவ்வொரு வரியாக என்னைக் கேட்டுத்தான் போட வேண்டும்.

மூன்று நாள் என் பக்கத்தில் உட்கார்ந்து போட்டான். "இது?" என்பான். "என்னோடது" என்பேன். என் பெயரை டைப் அடிப்பான். நான் அவசரப்படவே இல்லை. அவன் சொந்தச் சொற்கள் வரும்போது "அது உன்னோடது" என்று பெருந்தன்மையாக விட்டேன்.

மூன்றாம் நாள் மத்தியானம் எழுநூற்று எண்பத்து மூன்றாம் வரி வந்தது. அத்தர் காய்ச்சும் பாத்திரத்தின் ஹெட், பிரெஞ்சில் ஷப்பித்தோ. அகராதி எதிலும் நான் தேடிக் கிடைக்காத சொல். லாயிட்தான் பிரான்சில் ஒரு அத்தர்க்காரருக்கே போன் போட்டு வாங்கினான். அன்றைக்குக் கேன்டீன் முழுக்கச் சொல்லித் திரிந்தான். எனக்கு அன்று வயிறு எரிந்தது.

"இது?" என்றான்.

"என்னோடது."

அவன் கை நின்றது. "ஜூடி, இது நான் கண்டுபிடிச்சது. உனக்கே தெரியும்."

"டீம் வொர்க்தானே லாயிட். யார் பேர் இருந்தா என்ன?"

அவன் என் பெயரை எழுத்தெழுத்தாக டைப் அடித்தான்.

அடுத்த ஞாயிறு சமாதானம் சொல்லும் நேரம் அவன் திரும்பவில்லை. முன்னால் குனிந்து அவன் தோளைத் தட்டினேன். அவன் திரும்பினான். பல்லெல்லாம் தெரியச் சிரித்தபடி, நான்தான் முதலில் கை கூப்பினேன்.