சீட்டில் விழுந்த மருந்து

"மருந்தைத் துன்னு பாக்குறியே, உனுக்கு இன்னா பைத்தியமா?" கிருஷ்ணப்பன் பாயிலிருந்து எழ முயன்றான். இருமல் அவனை மறுபடி சாய்த்துவிட்டது.

குப்பம்மா புருஷனின் மாத்திரையை நாக்கில் வைத்தாள். சப்பென்று மாவாகக் கரைந்தது. அடுத்த வீட்டு அஜீசுன்னிசாவிடம் வாங்கிவந்ததை வைத்தாள், தொண்டைவரை கசந்தது. பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். இரண்டு டப்பாவும் ஒரே நாளில் புளியந்தோப்புக்கு வந்தவை. அஜீசுன்னிசாவின் புருஷன் துறைமுகத்தில் மறுபடி மூட்டை தூக்குகிறான். கிருஷ்ணப்பன் ரத்தம் துப்புகிறான்.

செவ்வாய்க்கிழமை டாக்டர் சங்கரநாராயணன் வந்ததும் அவள் வாசலை மறித்து நின்றாள்.

"என் வூட்டுக்காரருக்கு நீ குடுத்தது மருந்தே இல்ல. இன்னாத்த மறைக்கிறே?"

டாக்டருக்குப் பொய் சொல்ல வராது. "டிபிக்குப் புது மருந்தும்மா. கேக்குதான்னு தெரியணும்னா பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு வெறும் மாவு. சீட்டுக் குலுக்கிப் போட்டது, யாருக்கு எதுன்னு எனக்கே தெரியாது. வருஷம் முடிஞ்சு கணக்குப் பாத்தா, லட்சம் உசிர் பிழைக்கும்."

"அதுவரிக்கும் இவரு இருப்பாரா?"

அவர் கண்ணாடியைத் துடைத்தார்.

"உன் வூட்ல இந்த நோவு வந்தா சீட்டு குலுக்குவியா சாமி?"

போன வருஷம் டாக்டருடைய மைத்துனனுக்கு இதே நோய் வந்தது. இதே மருந்து கப்பலில் வந்து இறங்கியது. சீட்டும் இல்லை, மாவும் இல்லை. ஊருக்குத்தான் உபதேசம். லட்சம் பேருக்காக ஒருவன் காத்திருப்பது நியாயமாகவே இருக்கட்டும். அந்த ஒருவனை ஏன் எப்போதும் புளியந்தோப்பில் தேடுகிறார்கள்? மருந்துக்குச் சம்மதம் என்று கைநாட்டு வாங்கியபோது மாவைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லையே!

அந்த வரிசை வீடுகளில் எது இனாமாக வந்தாலும், கல்யாணச் சோறானாலும் சரி, பங்கு போட்டுத்தான் பழக்கம். அன்று சாயங்காலம் குப்பம்மா நடு முற்றத்தில் முறத்தை வைத்தாள். முதலில் டப்பாவைக் கவிழ்த்தவள் அஜீசுன்னிசா.

"எங்க வூட்டுக்காரரு எயுந்துட்டாரு. பக்கத்துல ஒருத்தரு செத்துக்கினு கெடக்கசொல்லோ, நான் மட்டும் மூடி வெச்சுக்கினா சோறு எறங்குமா?"

நோயாளி இருந்த பதினாறு வீட்டு மாத்திரையும் கலந்தது; பதினாறு பங்கானது.

அடுத்த செவ்வாய் விஷயம் தெரிந்ததும் டாக்டர் தலையில் கைவைத்துக்கொண்டார். "எல்லாம் பாழ்! பாதி மருந்து ஒருத்தரையும் காப்பாத்தாதும்மா!"

"அது உனுக்கே தெரியுதில்ல?" என்றாள் குப்பம்மா. "அப்போ எல்லாருக்கும் முயுசா குடு. இல்லாங்காட்டி, நீ எத்தினி தபா கொணாந்தாலும் இங்க பங்குதான்."