பிணத்தின் ஆட்சேபணை

செஞ்சி பஸ் ஸ்டாண்டில் பெட்டியோடு இறங்குகிற வெளியூர்க்காரரை யாரும் எங்கே போகிறீர்கள் என்று கேட்பதில்லை. நேரே கோட்டையைக் கைகாட்டி விடுவார்கள். தாண்டவராயனையும் அப்படித்தான் மலையடிவாரம் வரை நடக்க விட்டார்கள். பாவம், அவர் தேடி வந்தது சிங்கவரத்து விருத்தாம்பாளை. சாவு வீட்டில் ஒப்பாரி பாட அவளை மிஞ்ச இந்தப் பக்கத்தில் ஆள் இல்லை.

அவர் சென்னையில் மனோதத்துவம் படித்தவர். மனிதன் மண்டைக்குள் பாட்டு எப்படிப் பிறக்கிறது என்று ஆராய்ச்சி. ஆறு மாதமாக, எங்கே சாவு விழுந்தாலும் பேட்டரியில் ஓடும் டேப் ரெக்கார்டரோடு வந்து நிற்பார். அவர் தெருவில் வந்தாலே எங்கள் ஊர்க் கிழவர்கள் இருமலை அடக்கிக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

ஊர்ப் பள்ளிக்கூட வாத்தியாரான எனக்கு ஒரு வேலை கொடுத்தார். தமிழுக்குத் தமிழ் மொழிபெயர்ப்பது. மல்லாட்டை என்றால் வேர்க்கடலை என்பதிலிருந்து தொடங்கினேன்.

"அம்மா, உங்க கற்பனைத் திறனை அளந்து பாக்கணும்" என்றார் முதல் நாள்.

விருத்தாம்பாள் என் பக்கம் திரும்பினாள். "இன்னா காஸ்பர் வாத்தியாரே, நான் பொய் சொல்றேன்றாரா?"

"இல்ல விருத்தா. நீ பாட்டு கட்டுறியே, அதச் சொல்றாரு" என்று நான் சமாளித்தேன்.

ஆனாலும் மனுஷர் கெட்டிக்காரர். டேப்புகளைப் போட்டுப் போட்டுக் கேட்டு ஒன்றைக் கண்டுபிடித்திருந்தார். அவள் பாட்டில் பாதிக்கு மேல் எல்லாச் சாவுக்கும் அதே வரிகள். மீதியை அங்கேயே உட்கார்ந்து கட்டுகிறாளா, அதுவும் பழைய சரக்கா? அவளுக்கு நன்றாகத் தெரிந்த ஒருவர் செத்தால் சோதித்துவிடலாம். அதற்காக யாரைப் போய்ச் சாகச் சொல்வது என்று கவலைப்பட்டார்.

"நான் படுக்கிறேன்" என்றார் பச்சைமுத்து. விருத்தாம்பாளின் புருஷன்.

அவள் தலையில் அடித்துக்கொண்டாள். அவர் விடவில்லை. "செத்துட்டான்னு புரளி கெளம்புனா ஆயுசு கெட்டின்னு நீதான சொல்லுவ?" பிறகு என்னைத் தனியாக இழுத்துப் போனார். "வாத்தியாரே, ஊர்ல அத்தினி பேருக்கும் பாடிட்டா. எனக்கு இன்னா பாடுவான்னு ஊரே கேக்கும். நான் மட்டும் கேக்க முடியாது." எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சில் பூசை முடிந்ததும் பள்ளிக்கூடத்தைத் திறந்து விட்டேன். இரண்டு பெஞ்சைச் சேர்த்துப் போட்டு அவரைப் படுக்க வைத்தோம். கால் கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டி, நெற்றியில் காசு ஒட்டினோம். பிணம் அசையக்கூடாது, அதுதான் சோதனைக்கு ஒரே நிபந்தனை என்று தாண்டவராயன் கண்டிப்பாகச் சொல்லிவிட்டு டேப்பைத் திருகினார்.

விருத்தாம்பாள் தலையை விரித்துக்கொண்டு குந்தினாள்.

"பவுனு சரிகையில பாகை கட்டும் என் ராசா,
பல்லாக்கு ஏறாம பாடையில ஏறிட்டியே…"

பிணம் எழுந்து உட்கார்ந்தது. காசு உருண்டு ஓடியது.

"இது தனகோட்டிக்குப் பாடுனது. போன மாசியில. நான் பக்கத்துல நின்னு கேட்டேன்" என்றார் பச்சைமுத்து. "எங்கிட்ட ஏதுடி சரிகைப் பாகை? இருக்குறது ஒரு துண்டு."

தாண்டவராயன் தன் நோட்டைப் புரட்டிப் பார்த்து, ஆமாம், அதே வரிதான் என்றார். விருத்தாம்பாளுக்கு முகம் சிவந்து விட்டது. இத்தனை வருஷத்தில் எந்தப் பிணமும் அவளைக் குறை சொன்னதில்லை.

"படு" என்றாள். "உனக்குன்னே வேணுமா? கேளு."

"நாளைக்கு நாளைக்குன்னு நழுவுன என் ராசா,
நடுவூட்டுல மழ பெய்ய நாலு ஓலை போட்டியா?
சந்தைக்குப் போயி சீப்பு வாங்க மறந்தவரே,
சாவ மட்டும் மறக்காம சட்டுனு வந்துட்டியா?"

நான் வாயைத் துண்டால் பொத்திக்கொண்டேன். பிணத்தின் மூக்கு விடைத்தது. அசையவில்லை. அவள் விடாமல் அவர் குறைகளை வரிசையாக எடுத்து வைத்தாள். பிறகு குரல் எப்போது இறங்கியது என்று எனக்குத் தெரியவில்லை.

"புள்ள தங்கலேன்னு பாயில நான் கெடந்தப்போ
மல்லாட்ட உரிச்சி உரிச்சி வாயில வெச்ச மகராசா,
இனி உரிக்க யாரிருக்கா, ஒரு வாயி யார் தருவா…"

அதற்கு மேல் அவள் பாடவில்லை. பச்சைமுத்துவின் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்து காதுக்குள் போனது. நிபந்தனைப்படி அவர் துடைக்கவில்லை.

"அத்தனையும் புதுசு" என்றார் தாண்டவராயன், மெதுவாக. ஆனால் படிப்பு சும்மா விடுமா? "அம்மா, நாளைக்கு இதையே இன்னொரு தடவை பாடுங்க. எது மாறுது, எது நிக்கிதுன்னு பாக்கணும்."

"ஒரு சாவுக்கு ஒரு பாட்டுதான் சார். பாடியாச்சி." விருத்தாம்பாள் கூந்தலை அள்ளி முடிந்தாள். "இனிமே இந்த மனுசன் நெசமாவே செத்தாலும் வாய மூடிக்கினு குந்தியிருப்பேன்."

பச்சைமுத்து திடுக்கிட்டு எழ, கட்டிய கால் இழுத்தது. அப்படியே உட்கார்ந்து அவளையே பார்த்தார்.

"அப்ப நான் சாவ மாட்டேன்" என்றார்.

"அதுக்குத்தான பாடுனேன்" என்றாள் விருத்தாம்பாள், கால் கட்டை அவிழ்த்துக்கொண்டே. "எழுந்திருய்யா. போயி கூரைய மேய்."