சாதாவா, பிரீமியமா

தெருவில் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள் குறைவு. காதுக்காரர் என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். ஒரு தொழிற்சாலை முதலாளிக்குத் தலை நரைக்கும்வரை கார் ஓட்டியவர். பழுதான வண்டியின் பானெட்டைத் திறக்கவே மாட்டார். பக்கத்தில் நின்று கொஞ்சநேரம் கேட்பார். பெல்ட் தளர்ந்திருக்கிறது, பிளக் போய்விட்டது என்று சொல்லிவிடுவார். முக்கால்வாசி சரியாகவே இருக்கும். மீதி தப்பிப்போனதை யாரும் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை, அவர் மனைவி உட்பட.

முதலாளியின் வண்டி பெரிய வண்டி. பிரீமியம் பெட்ரோல் மட்டும் ஊற்றவும் என்று டேங்க் மூடியிலேயே எழுதியிருக்கும். அந்தப் பழக்கம் அவருடைய சொந்த வண்டிக்கும் தொற்றிக்கொண்டது. சொந்த வண்டி என்பது இரண்டு கை மாறி வந்த, முன்கதவு நசுங்கிய சின்னக் கார்.

"சின்ன வண்டின்னா அதுக்கு வயிறு இல்லையா? நல்லதாப் போட்டாத்தான் உழைக்கும்" என்பார்.

மனைவி சிரிப்பாள். சோப்பு வாங்கப் போனால் இருப்பதிலேயே மலிவானதை எடுக்கிற மனுஷன், பெட்ரோல் பங்குக்குள் நுழைந்துவிட்டால் மகாராஜா.

அவருக்குப் பார்வை ஒரே நாளில் போகவில்லை. முதலில் ஓரங்கள் மங்கின. பக்கத்திலிருந்து வருகிற சைக்கிள் தெரியவில்லை. படியின் விளிம்பு தெரியவில்லை. ஒருநாள் முதலாளியின் வண்டியைப் பின்னால் எடுக்கும்போது கேட் தூணில் இடித்துவிட்டார். அன்றைக்கே சாவியைக் கொண்டுபோய் முதலாளியின் மேஜைமேல் வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தார். யாரும் போகச் சொல்லவில்லை. அவராகவே வந்துவிட்டார்.

கண் மருத்துவர் மனைவியை மட்டும் வராந்தாவுக்கு அழைத்துச் சொன்னார். "நரம்பு செத்துப் போச்சும்மா. போன பார்வை போனதுதான். இருக்கிற கொஞ்சத்தையும் காப்பாத்த முடியுமான்னு பார்க்கிறோம்."

அவள் திரும்பி வந்தபோது, மருந்து விட்ட கண்களை மூடிக்கொண்டு, முகத்தை மேலே தூக்கியபடி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். வாய் லேசாகத் திறந்திருந்தது.

"என்ன சொன்னார்?"

"நரம்பு களைச்சுப் போயிருக்காம்ங்க. சொட்டு மருந்தைத் தவறாமப் போட்டுட்டு வந்தா மெல்லச் சரியாயிடுமாம்."

அப்படிச் சொல்லவேண்டும் என்று யோசித்து வரவில்லை. வாயில் வந்துவிட்டது. சொல்லிவிட்டதைத் திரும்ப எடுக்க அப்புறம் ஒருநாளும் தோதுப்படவில்லை. மீதியிருந்த பார்வையும் அடுத்த மழைக்காலத்துக்குள் போய்விட்டது. அவரோ, இருட்டு முழுசாக வந்தபிறகுதான் வெளிச்சம் திரும்பும் என்று தனக்குத்தானே ஒரு கணக்குப் போட்டுக்கொண்டார்.

"நான் திரும்ப ஓட்டுற வரைக்கும் வண்டி சும்மா நிக்கக்கூடாது. நீ கத்துக்கோ" என்றார்.

சலவை நிலையத்தில் ஓட்டல் படுக்கை விரிப்புகளை நீராவி இஸ்திரி போட்டு மடிக்கிற வேலை அவளுக்கு. ஐம்பது வயதுக்கு மேல், தன் வயதில் பாதிகூட இல்லாத பிள்ளைகளோடு டிரைவிங் ஸ்கூலுக்குப் போய், இரண்டு தடவை தோற்று, மூன்றாவதில் லைசென்ஸ் வாங்கினாள். அப்புறம் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் இருவரும் ஒரு சுற்றுப் போவது வழக்கமாகிவிட்டது. இடதா வலதா என்றுகூடப் பேசிக்கொள்ளமாட்டார்கள். சும்மா ஓட்டுவாள். அவர் சன்னலை இறக்கிவிட்டு, பக்கத்தில் போகிற வண்டிகளைப் பற்றி வம்பு பேசிக்கொண்டு வருவார்.

"இந்த லாரிக்காரன் கிளட்ச்ல காலை வச்சுட்டே தூங்குறான் பாரு."

"கியரை மாத்து. வண்டி உன்கிட்ட கெஞ்சுது, காதுல விழலையா?"

வாரத்தில் அவர் சிரிப்பது அந்த ஒரு மணிநேரம்தான்.

பெட்ரோலை வேலை முடிந்து வரும் வழியில் அவளே போட்டுக்கொண்டு வருவாள். ஒருநாள் பங்கில் பிரீமியம் பம்ப்மேல் துணியைப் போட்டு மூடியிருந்தார்கள். லோடு வரவில்லையாம். வேறு வழியில்லாமல் சாதா பெட்ரோலையே போட்டுக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமை மேம்பாலத்தில் ஏறும்போது அவருக்குச் சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் அவர் டேஷ்போர்டைத் தட்டிக்கொடுத்தார்.

"பார்த்தியா எப்படி இழுக்குதுன்னு? வெண்ணெய் மாதிரி. அதாண்டி பிரீமியம்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சொல்லியிருந்தால் அந்தச் சாயங்காலம் கெட்டிருக்கும். மறுநாள் மெக்கானிக்கிடம் கேட்டாள்.

"இந்த இன்ஜினுக்கு சாதாவே தாராளம்க்கா" என்றான் அவன். "பிரீமியம் போட்டா கெட்டுப் போகாது. ஆனா ஒண்ணும் கூடவும் செய்யாது. அண்ணன்கிட்ட நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்க, என்னை உரிச்சுடுவார்."

அதிலிருந்து சாதாதான். லோடு வந்தபிறகும் சாதாதான். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அவர் பிரீமியத்தைப் புகழ்ந்தார். அவள் "ஆமாங்க" என்றாள். முதலில் கொஞ்சம் உறுத்தியது, பிறகு பழகிவிட்டது. ஏற்கெனவே சொல்லிவைத்திருந்த பெரிய பொய்க்குப் பக்கத்தில் இது ஒரு பொய்யாகவே அவளுக்குப் படவில்லை.

குட்டு உடைந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. சலவை நிலையத்தில் வேலை நெருக்கடி. அந்த வாரம் பெட்ரோல் போட மறந்துவிட்டாள். பாதிச் சுற்றில், பெட்ரோல் தீரப்போகிறது என்று காட்டுகிற மஞ்சள் விளக்கு எரிந்தது. அவர் பக்கத்தில் இருக்கும்போதே பங்குக்குள் திருப்பவேண்டியதாயிற்று. மூக்குக்கண்ணாடி போட்ட பம்ப்காரர் அவளைப் பார்த்ததும் முகம் மலர்ந்து வந்தார்.

"வாங்கம்மா. எப்பவும் போடுற சாதாதானே?"

அவள் தலையை மட்டும் ஆட்டினாள். எதற்கு ஆட்டினாள் என்று அவளுக்கே தெரியாது. பம்ப்காரர் மூடியைத் திறந்து போடத் தொடங்கிவிட்டார்.

காதுக்காரர் சன்னலை மெதுவாக ஏற்றினார். பங்கைவிட்டு வெளியே வந்து, முதல் சிக்னலில் நின்றதும் கேட்டார்.

"எவ்வளவு நாளா?"

"ரொம்ப நாளாச்சுங்க. ஒருநாள் பிரீமியம் தீர்ந்து போச்சு, அதான் போட்டேன். நீங்க நல்லா இழுக்குதுன்னு சொன்னீங்க..."

"நான் சொன்னேன்."

"இந்த வண்டிக்கு ரெண்டும் ஒண்ணுதானாம். ஒரு வித்தியாசமும் இல்லையாம்."

"அது எனக்குத் தெரியாமப் போச்சு பாரு" என்றார். குரலில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். "கண்ணு போச்சு, காது இருக்குன்னு நினைச்சுட்டு இருந்தேன். வாரா வாரம் பக்கத்துல உக்காந்து வேடிக்கை பார்த்திருக்கே."

"ஐயோ, அப்படியெல்லாம் இல்லைங்க!"

"வீட்டுக்குப் போ."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கெஞ்சிக் கூப்பிட்டு ஏற்றினாள். பிரீமியமே போட்டிருந்தாள். ஆனால் அவருக்கு இன்ஜின் தட்டுவதாகக் கேட்டது. ஏற்றத்தில் திணறுவதாகக் கேட்டது. அவளுக்கு ஒன்றும் கேட்கவில்லை. மெக்கானிக்கைக் கூட்டிவந்து காட்டினாள். அவனும் எதுவும் இல்லை என்றான். காதுக்காரர் அவன் பக்கம் முகத்தைத் திருப்பி, "உனக்கும் சொல்லிக்கொடுத்துட்டாளா?" என்று கேட்டார். அவன் ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டு போய்விட்டான்.

அப்புறம் அவர் வண்டியில் ஏறுவதையே விட்டுவிட்டார்.

சந்தேகம் பெட்ரோலோடு நிற்கவில்லை. சட்டையைக் கொடுத்தால், "நீலமா?" என்று கேட்டுப் போட்டுக்கொள்வார், பிறகு வாசலில் பக்கத்து வீட்டுக்காரரின் செருப்புச் சத்தம் கேட்டால், "சார், இது என்ன கலர்?" என்பார். "நீலம்தாங்க" என்று அவர் சொல்வது உள்ளே இவள் காதில் விழும். பாலைக் காய்ச்சிக் கொடுத்தால் முகர்ந்து பார்ப்பார். மணி தெரியவேண்டுமென்றால் அவளிடம் கேட்கமாட்டார், வானொலியைத் திருகுவார். ஒரே வீட்டுக்குள் இருந்துகொண்டு, ஒவ்வொரு சின்ன விஷயத்துக்கும் வெளியாளைச் சாட்சி வைக்கிற மனுஷனோடு குடித்தனம் செய்வது என்னவென்று அவளுக்குத் தெரிந்தது.

ஒரு காலைநேரம், மருந்து விடுவதற்காக அவருடைய இமையை விரலால் தூக்கிப் பிடித்திருந்தாள். அவர் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"அன்னிக்கு டாக்டர் என்ன சொன்னார்? நிஜமா."

கேள்வி வரும் என்று அவளுக்குத் தெரிந்துதான் இருந்தது. அது வருவதற்குள் ஒரு பதிலைத் தயார் செய்துவிடலாம் என்று எத்தனையோ தடவை இஸ்திரி மேஜை முன்னால் நின்று யோசித்திருக்கிறாள்.

"திரும்ப வராதுன்னு சொன்னாருங்க."

"அன்னிக்கேவா?"

"அன்னிக்கே."

மணிக்கட்டை விட்டார். சொட்டு விழுந்தது. அது கண்ணின் ஓரத்தில் வழிந்து காதுப்பக்கம் இறங்கும்வரை துடைக்காமல் கிடந்தார்.

"என் லைசென்ஸைப் புதுப்பிக்கணும்னு நான் சொன்னப்பல்லாம் சரி சரின்னியே."

"உங்க முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்கு மனசு வரலைங்க."

"நம்பிட்டு இருந்தது நான். நீ இல்ல. நீ எனக்குப் பக்கத்துல தனியா உக்காந்துட்டு இருந்திருக்கே, இத்தனை நாளும்." முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு, "வண்டிய வித்துடு" என்றார்.

அவள் அழுதாள். அவர் அதைக் கேட்டுக்கொண்டுதான் படுத்திருந்தார். கை நீட்டவில்லை.

மெக்கானிக் மூலமாக ஆள் கிடைத்தது. வாடகை நாற்காலி, பந்தல் சாமான் கடைக்காரன், புதுசாகக் கல்யாணமானவன். மனைவியையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தான். அந்தப் பெண் பின்சீட்டில் உட்கார்ந்து குதித்துப் பார்த்தாள். சாவி கைமாறியபிறகு அவன் காதுக்காரரிடம் போய் மரியாதையாக நின்றான்.

"ஐயா, உங்களைப் பத்தி மெக்கானிக் நிறையச் சொல்லியிருக்கார். இதுக்கு எந்தப் பெட்ரோல் போடட்டும்? சாதாவா, பிரீமியமா?"

அவர் சுவரில் சாய்ந்து நின்றிருந்தார். தாடை அசைந்தது. ஏதாவது சொல்லமாட்டாரா, பழையபடி வயிறு, உழைப்பு என்று ஒரு பிரசங்கம் வைக்கமாட்டாரா என்று அவளுக்கு இருந்தது.

"அவளைக் கேளுப்பா. ஓட்டினது அவதான்."

அவன் அவள் பக்கம் திரும்பினான்.

"சாதா போதும் தம்பி" என்றாள்.

அவன் வண்டியைக் கிளப்பினான். புதுக் கை, முதல் கியரில் ஒரு குலுக்கல் குலுக்கி எடுத்தான். அது தெருவின் திருப்பத்தை அடையும் முன்பே காதுக்காரர் கதவு நிலையைத் தடவிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

மறுவாரத்திலிருந்து அவள் பஸ்ஸில் வேலைக்குப் போனாள். கோல் பிடித்து நடக்கச் சொல்லிக்கொடுக்கிற நிலையத்தில் அவர் சேர்ந்தார். கொண்டுபோய் விடுகிறேன் என்று அவள் லீவு போட்டுவிட்டு நின்றாள். வேண்டாம் என்று சொல்லிவிட்டு, பக்கத்து வீட்டுக்காரரின் தோளைப் பிடித்துக்கொண்டு அவர் கிளம்பினார். லீவு போட்ட அந்தப் பகலில் அவளுக்கு வீட்டில் செய்ய ஒரு வேலையும் இருக்கவில்லை.